குலவைக்கு மட்டும்

வங்காளத்திலிருந்து வந்த பன்னிரண்டு ஆண்கள் நடவுக்கு இறங்கிவிட்டார்கள். குலவையில்லாமல் முதல் நாற்றை ஊன்ற மட்டும் வயல்காரர் தனபாலுக்கு மனம் வரவில்லை. அதற்கென்றே அஞ்சம்மாளைக் கூப்பிட்டனுப்பியிருந்தார்.

முப்பது வருடம் அந்த வயலில் நட்டவள் வரப்பில் நின்று குலவையிட்டாள்.

"போதும், கெளம்பு. நீங்க பொம்பளைங்க நாலு நாள் நடுறத இவனுவ இன்னைக்கே முடிச்சிருவானுவ" என்றார் தனபால்.

அவளுக்குக் கால் நகரவில்லை. கையில் நாற்று இல்லாமலே விரல்கள் பிரித்துப் பிரித்து ஊன்றிக்கொண்டிருந்தன.

நடவாட்களில் நிதாய் என்பவன் சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை நீட்டினான். வீடியோவில் ஒரு பெண் இருந்தாள்.

"அக்கா, இன்னொரு தடவ. என் பொண்டாட்டி கேக்கணும்."

அஞ்சம்மாள் வேண்டாவெறுப்பாகக் குலவையிட்டாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே நாக்கைச் சுழற்றிப் பதில் குலவையிட்டாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் கட்டிய வயல் ஒன்று, நாற்றுமுடிகள் சிதறிக் கிடக்க, ஆளில்லாமல் பளபளத்தது.

அஞ்சம்மாள் போனைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, அங்க நடவுக்கு ஆளு வேணுமான்னு கேளு."

நிதாய் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போனை வாங்கி, மெதுவாகக் கேட்டான்.