வராதவர்கள்

மணி வெகுநேரம் அடித்த பிறகுதான் அந்த வீட்டில் போனை எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று அவள் சொன்னதும், அந்தப் பக்கம் டிவி சத்தம் சட்டென்று குறைந்தது.

டாக்டர்கள் அவளைக் கணக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு ரத்த நோய்க்குப் புது ஊசி வந்திருந்தது. அது வேலை செய்கிறதா என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் பொறுப்பு.

ஊசி போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் மறுபரிசோதனைக்குத் திரும்பி வரவில்லை. அவர்கள் பெயருக்கு நேரே, ‘விளைவு’ என்ற கட்டம் காலியாகக் கிடந்தது.

“பல்வலி போனவன் பல் டாக்டரைத் தேடியா வருவான்? வராதவங்க எல்லாம் குணமானவங்கன்னே போட்டுக்கம்மா” என்று சிரித்தார் பெரிய டாக்டர்.

செத்தவர்களும்தான் வரமாட்டார்கள். பிழைத்தவரும் போய்ச்சேர்ந்தவரும் விட்டுப்போவது ஒரே மாதிரி காலிக் கட்டம். அதனால்தான் வீடு வீடாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பாப்பா இப்ப எப்படி இருக்கா ஐயா?”

“நல்லா இருக்காம்மா. குத்துக்கல்லாட்டம் இருக்கா.” அவள் கேட்டு முடிப்பதற்குள் பாப்பாவின் அப்பா சொல்லிவிட்டார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கட்டத்தில் ‘குணம்’ என்று அடித்தாள். காலையிலிருந்து கேட்ட முதல் நல்ல சேதி. அந்தக் குழந்தையின் குரலையும் கேட்டுவிட ஆசை வந்தது.

“அவகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?”

அப்பா தாழ்ந்த குரலில் யாரையோ கூப்பிட்டார். பிறகு போன் கை மாறியது. வாயில் எதையோ மென்றுகொண்டே ஒரு சிறுமி, தான் நல்லா இருப்பதாகச் சொன்னாள்.

“ஊசி போட்ட இடம் ஆறிடுச்சாடா கண்ணு?”

“எனக்கு இன்னும் போடலையே ஆன்ட்டி. நாளைக்குத்தான். அக்காவுக்குத்தான் போட்டாங்க.”

அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“பெரியவ போயிட்டாம்மா. அது கணக்குல ஏறினா ஊசியையே நிறுத்திடுவீங்களோன்னுதான்…” குரல் உடைந்தது. “சின்னவளுக்கும் அதே நோய். இவளுக்காவது ஊசி கேக்குமாம்மா?”

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான் அவளை அங்கே வேலைக்கு வைத்திருந்தார்கள்.

“கேக்கும் ஐயா” என்றாள்.

சொல்லிக்கொண்டே ‘குணம்’ என்பதை அழித்துவிட்டு, ‘இறப்பு’ என்று அடித்தாள்.