இருபத்தைந்துக்கு இருபத்தைந்து

ஹாலப்பா பொய் சொல்கிறார் என்பது முதல் கேள்வியிலேயே டாக்டர் சைத்ராவுக்குத் தெரிந்துவிட்டது.

ஹூப்ளியில் பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கிறாள். வயதானவர்களின் பல் பயத்தை அளப்பது அவளுடைய ஆய்வு. ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். மொத்தம் பத்தொன்பதைத் தொட்டால் ரொம்பப் பயந்தவர். அவருக்கு மட்டும் துணையாக வீட்டு ஆள் ஒருவர் கூடவே உள்ளே வரலாம்.

ஆஸ்பத்திரி வராண்டா பெஞ்சில் இருந்த தாத்தா பாட்டிகளிடம், 'அஜ்ஜா', 'அஜ்ஜி' என்று கூப்பிட்டு, சத்தமாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தாள்.

"ஊசி போடப் போறாங்கன்னா எப்படி இருக்கும் அஜ்ஜா?" என்றாள் ஹாலப்பாவிடம்.

"உயிரே போயிடும். அஞ்சு போடு தாயி."

"மூணு பல்லை நானே நூல் கட்டிப் பிடுங்கினேன்னு இப்பத்தானே பீத்திக்கிட்டிருந்தீங்க?"

"அது நூலு. இது ஊசி."

பெஞ்சே சிரித்தது. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து.

பக்கத்தில் அவர் மனைவி நீலவ்வா. அவளுக்கும் இன்று கடைவாய்ப் பல் எடுக்கணும். "எனக்கென்ன பயம்?" என்று ஐந்து கேள்விக்கும் ஒரே பதில். மொத்தம் ஐந்து.

"முதல்ல என் பல்லு. இவ என்கூட வரட்டும்," என்றார் ஹாலப்பா.

சலுகைக்கு நாடகம். இப்படி நாலு பேர் வந்தால் ஆய்வு குப்பைக்குத்தான் போகும்.

உள்ளே போனதும், நாடித்துடிப்பு காட்டும் கிளிப்பை அவர் விரலில் மாட்டினாள். எழுபது.

"பயந்தவருக்கு எழுபதா அஜ்ஜா? உங்க பேப்பரைக் கிழிச்சுப் போடட்டுமா?"

"மெஷின் கெட்டிருக்கும்." கிளிப்பைக் கழற்றி மனைவியின் விரலில் மாட்டினார். "இவளுக்குப் பாரு."

நூற்று இருபத்தெட்டு.

நீலவ்வா அதைப் பார்க்கவில்லை. அவள் கண் தட்டில் இருந்த ஊசியிலேயே இருந்தது.

சைத்ரா குனிந்தாள். ஹாலப்பா அவள் காதோடு சொன்னார்: "இவளுக்குப் பல் சீழ் வச்சுப் பத்து நாளாச்சு. ரெண்டு தடவை கேட் வரைக்கும் வந்து திரும்பிட்டா. அத்தனை பேர் நடுவுல கேட்டா, பயம்னு எப்படிச் சொல்லுவா? எனக்கு எடுக்கறதைப் பக்கத்துல நின்னு பார்த்தா, அப்புறம் உக்காந்துடுவா."

"என்ன சொல்றார்?" என்று கேட்டாள் நீலவ்வா.

சைத்ரா கிளிப்பை மெதுவாகக் கழற்றினாள்.

"அஜ்ஜாவுக்கு ரொம்பப் பயமாம் அஜ்ஜி. அவர் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."