நோட்டீசில் இல்லாத பெயர்

“டைட்டஸ் தானாதான் தொட்டியில எறங்கினான். யாரும் எறங்கச் சொல்லல.”

கூண்டில் நின்று கவுஸ் பாஷா இப்படிச் சொன்னதும், வேலூர் கோர்ட்டின் பின்வரிசையில் இருந்த தொழிற்சங்கத் தலைவர் சம்பத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

தோல் கம்பெனியின் கழிவுத் தொட்டியில் விஷவாயு தாக்கி டைட்டஸ் செத்தபோது, பக்கத்தில் இருந்த ஒரே தொழிலாளி கவுஸ் பாஷா. கயிறு கட்டிப் பிணத்தை மேலே இழுத்தவரும் அவர்தான். “மூஞ்சிக்குக் கவசம் கேட்டான். மொதலாளிதான், எறங்கு, இல்லன்னா நாளைலருந்து வேலைக்கு வராதேன்னாரு” என்று போலீசில் சொன்னவரும் அவரேதான். அந்த ஒரு வாயை நம்பித்தான் கேஸ் நின்றது.

இப்போது விழுந்துவிட்டது.

வராந்தாவில் சம்பத் வழிமறித்தார்.

“இன்னா பாஷா, எவ்ளோக்கு வித்த?”

பாஷா ஒதுங்கிப் படியிறங்கப் பார்த்தார்.

“நான் சொல்லட்டா? இத்தாலிக்கு வித்த. ஊரே பாக்குது. மொதலாளி ரூமுக்குள்ள போறே, ஃபைலோட வெளிய வர்றே. நோட்டரி வாசல்ல நிக்கறே, எஸ்டிடி பூத்துல மெட்ராஸுக்குப் பேசறே. விசா, இன்சூரன்ஸுன்னு வாய் ஓயல. உம் பையன் தபரேஸு வாணியம்பாடியில ஷூ டிசைன் படிக்கறான். அவன அங்க ட்ரெயினிங்குக்கு அனுப்பப் போறே. தோஸ்த்து பொணத்து மேல ஏறி நின்னு பிளேன் பிடிக்கறான் உம் புள்ள. கரெக்டா?”

“விடுங்க தோழர். பஸ் போய்டும்.”

“இனிமே என்னைத் தோழர்னு கூப்பிடாத.”

சம்பத் சங்கத்துக்காக வேலூர் ஜெயிலில் களி தின்றவர். எந்த முதலாளி வீட்டிலும் ஒரு டீ குடித்ததில்லை. டைட்டஸ் கேஸ் அவருக்கு உயிர். டைட்டஸின் மனைவி ஜெயபுஷ்பம் ஏதோ உதவி கேட்டு சங்க ஆபீசுக்கு வந்தபோதுகூட, “மொதல்ல கேஸ் முடியட்டும்மா, மத்ததெல்லாம் அப்புறம்” என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர்.

மறுநாளே நோட்டீஸ் அடித்தார். ‘தொழிலாளி ரத்தத்தை விற்ற துரோகி கவுஸ் பாஷா!’ பெயரை இன்னும் பெரிய எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்தில் பக்கத்திலேயே நின்றார்.

நோட்டீஸ் மூட்டை வந்து இறங்கிய காலையில் டீக்கடை ரஃபி சொன்னார்: “பாஷா ஆம்பூர் ஸ்டேஷன்ல நிக்கறாரு. பையன அனுப்பறாரு போல.”

சம்பத் ஒரு நோட்டீஸ் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பத்துப் பேர் பார்க்க, அந்தப் பையன் கையிலேயே கொடுக்க வேண்டும். அப்பன் யாரென்று தெரிந்துகொண்டு போகட்டும்.

பிளாட்பாரக் கோடியில், தண்ணீர்க் குழாய் ஓரமாக பாஷா தனியாக நின்றிருந்தார். பெட்டி இல்லை. தபரேஸும் இல்லை.

“சம்பத் மாமா!”

திரும்பினார். டைட்டஸின் மகள் ஜெனிஃபா. கையில் புது ஸ்வெட்டர், காலடியில் பெட்டி. பின்னால் ஜெயபுஷ்பம்.

“நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியும் மாமா. ஆறு மாசம், இத்தாலியில ஷூ கம்பெனி ட்ரெயினிங். காலேஜுல எடம் குடுத்துட்டாங்க. ஆனா செலவுக்குப் பொறுப்பேத்து ஒரு கம்பெனி லெட்டர் குடுத்தாதான் விசான்னுட்டாங்க. சங்கம்தான் மெட்ராஸ் கம்பெனியில பேசி வாங்கிச்சுன்னு அம்மா சொல்லிச்சு. ரொம்ப தேங்க்ஸ் மாமா.”

சங்கம் இவளுக்காக ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. ஜெயபுஷ்பத்தைப் பார்த்தார். அவள் மகளுக்குத் தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜெனிஃபாவின் பார்வை குழாய்ப் பக்கம் போனது.

“வெக்கமில்லாம நிக்குது பாருங்க அந்தாளு. எங்கப்பாவ வித்துட்டு... இது இன்னா மாமா, நோட்டீஸா? ஒண்ணு குடுங்க.”

சம்பத் தடுப்பதற்குள் ஒன்றை உருவிக்கொண்டு போய், பாஷாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். பெரிய எழுத்தில் இருந்த தன் பெயரைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“பாஸ்போர்ட்டைப் பெட்டியில வெக்காதம்மா. கையோட வெச்சுக்க.”

“அதெல்லாம் உங்க பையனுக்குச் சொல்லுங்க.”

ரயில் வந்தது. உள்ளேயிருந்து, கூடப் போகும் காலேஜ் டீச்சர் கையசைத்தார். ஜெனிஃபா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஏறினாள். ரயில் போய்விட்டது.

சம்பத் கேட்டார்: “சங்கம் எப்பம்மா லெட்டர் வாங்கிச்சு?”

“உங்ககிட்டதாண்ணா மொதல்ல வந்தேன். கேஸ் முடியட்டும்னீங்க. அதுக்குள்ள காலேஜுல குடுத்த தேதி போய்டும். லெட்டர் குடுத்தது நம்ம மொதலாளியோட மச்சான் கம்பெனி. அவளுக்குத் தெரிஞ்சா கிழிச்சுப் போட்டுட்டு, இங்கியே ஷூ கம்பெனியில டெய்லர் வேலைக்குப் போய்டுவா.”

பாஷா இன்னும் ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே இவன்...”

“அவரு சம்மதிக்கவே இல்லண்ணா. டைட்டஸுக்கு அந்தத் துரோகம் பண்ண மாட்டேன்னு அழுதாரு. நான்தான் கால்ல விழுந்து கோர்ட்டுல பொய் சொல்ல வெச்சேன்.”

ஜெயபுஷ்பம் சம்பத்தின் கக்கத்தில் இருந்த நோட்டீஸ் கட்டைப் பார்த்தாள்.

“மிச்சம் இருக்கற நோட்டீசுல பாய் பேர அடிச்சுட்டு, எம் பேரப் போட்டுக் குடுங்கண்ணா.”