வெந்நீரில் ஒரு கால்சட்டை

தான் போட்டிருப்பது பருத்திக் கால்சட்டை என்பது வேறு யாருக்கும் தெரியாது என்ற தெம்பில், மொரிவாக்கி வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்கினான்.

போர் முடிந்து, துணிக்கு ஜப்பானே அலைந்துகொண்டிருந்த நேரம். ஒகயாமாவில் இருந்த அந்தச் சோதனைக் கூடத்தில் சுண்ணாம்புக்கல்லிலிருந்து இழை எடுத்தார்கள். நூற்பது மொரிவாக்கியின் பொறுப்பு. இழை என்னவோ வந்துவிட்டது. வெந்நீர் பட்டால்தான் கரைந்து தொலைத்தது. போன மாதம் ஒரு சட்டை முழுசாகக் கஞ்சியாகிவிட்டது.

இன்று கோஜிமாவிலிருந்து பள்ளிச் சீருடை வியாபாரிகள் வந்திருந்தார்கள். அவர்கள் உதட்டைப் பிதுக்கினால் கூடத்தை மூட வேண்டியதுதான்.

"நூத்தவனே போட்டுக்கிட்டு இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டார் தலைவர் அக்காகி. பயந்துபோன மொரிவாக்கி, கல் இழையில் தைத்த கால்சட்டையை ஒளித்துவிட்டு, அதே சாம்பல் நிறத்தில் பருத்திக் கால்சட்டை ஒன்றைக் காலையிலேயே தன் கொக்கியில் மாட்டிவைத்திருந்தான்.

"ஏம்ப்பா, உள்ளே ஏதாச்சும் போட்டிருக்கியா?" என்றாள் தோமோயே. இழையைச் சூட்டில் பதப்படுத்தும் பிரிவு அவளுடையது, அவனுக்கு மூத்தவள்.

"சும்மா இருங்கக்கா."

"இல்ல, சின்னப் பொண்ணுங்க நிக்குதுங்க. சொன்னா கண்ணை மூடிக்கும்."

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

இடுப்புவரை வெந்நீர். துணி தொடையில் மொடமொடவென்று உரசியது. பயத்தில் எல்லாமே உறுத்தும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். வியாபாரி ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"போதும், ஏறுப்பா" என்றார் அக்காகி.

ஏறினான். ஒரு நூல் பிரியவில்லை.

பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தார்கள். வியாபாரிகள் மாறி மாறி அவன் தொடையைக் கிள்ளிப் பார்த்தார்கள். அக்காகி சாக்கே என்ற அரிசி மதுவை ஊற்றி நீட்டினார். மொரிவாக்கி அதைக் குடிக்காமல் கீழே வைத்தான்.

தோமோயேவை ஓரமாக இழுத்துப்போனான். "அக்கா, எல்லாரையும் ஏமாத்திட்டேன். இது பருத்திக்கா."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள் அவள்.

"பருத்தியை நான் காலையிலயே எடுத்துட்டு, நீ ஒளிச்சதைக் கொக்கியில மாட்டிட்டேன்ப்பா. நீ போட்டிருக்கிறது கல்லு."