உம் கொட்டாத வகுப்பு

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பிள்ளைகளின் முதுகில் கோடு போட்டு வைத்திருக்கிறது. மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம். கரும்பலகைக்கு முன்னால் டீச்சர், தன் குலத்தின், இதுவரை பள்ளிக்கூடத்துக்குள் நுழையாத மொழியில் கதையின் முதல் வரியைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். அந்த மொழியில் கதை சொன்னால் வரிக்கு வரி கேட்பவர்கள் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் அடுத்த வரி கிடையாது. உம் கொட்டச் சொல்லிக் கேட்கவும் கூடாது. மீறினால் கதைக்குரிய வீட்டுக்கே தலைகுனிவு. இது அவள் தகப்பன் வீட்டுக் கதை. பிள்ளைகளும் அதே குலம்தான். ஆனால் இங்கே பழக்கியபடி வாயில் விரல் வைத்துப் பொம்மைபோல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"பாத்தீங்களா, ஊசி விழுந்தா கேக்கும்!" கதவோரம் நாற்காலியில் இருக்கும் தலைமையாசிரியர் பூரிக்கிறார். "சொல்லுங்க டீச்சர். என்ன, மறந்துபோச்சா? அப்படீன்னா இந்தப் பீரியடைப் பழையபடி கணக்குக்கே கொடுத்துடலாம்."

"மறக்கல சார்."

கால் கடுக்கிறது. சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அதே முதல் வரியை மறுபடியும் சொல்கிறாள். முதுகு மட்டும் வளையவில்லை.

இரண்டாவது வரிசையில் அவள் தங்கை மகள். கண் கதவோரம் போய்த் திரும்புகிறது. வாயில் வைத்த விரலை எடுக்காமலே, அதற்குப் பின்னாலிருந்து சன்னமாகச் சொல்கிறாள்.

"உம், பெரியம்மா."

டீச்சர் இரண்டாவது வரியைத் தொடங்குகிறாள்.