ஏழு வீட்டுத் தேவி

“பக்கத்துக்குப் பக்கம் அப்படியே இருக்கேம்மா. கமா, புள்ளியைக்கூட விடல. திருடுறதுலயும் ஒரு நேக்கு வேணாமா?” என்றார் புறத்தேர்வாளர்.

அரங்கம் சிரித்தது. வாய்மொழித் தேர்வைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் வருகிறார்கள். இதற்கும், முடிந்தபின் கிடைக்கும் டீ பிஸ்கட்டுக்கும்.

அவள் மேடையோரம் நின்றிருந்தாள். ‘ஒரு கதை எப்படிப் புராணமாகிறது?’ என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

திரையின் இடப்பக்கம் அதன் நான்காம் அத்தியாயம். வலப்பக்கம், அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் போன வருடம் வெளியிட்ட கட்டுரை. ஒத்துப்போகும் வரிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசியிருந்தார்கள். திரையே மஞ்சளாக இருந்தது.

எது முதலில் எழுதப்பட்டது என்று மஞ்சளுக்குத் தெரியாது.

தெரிந்தவர் முன்வரிசையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாணவர்கள் அந்தப் பேராசிரியருக்கு வைத்த பெயர் அணிந்துரை. யார் புத்தகம் போட்டாலும் முன்னால் அவருடைய அணிந்துரை இருக்கும். அந்தப் புத்தகத்தை அவர் படித்ததற்கான அடையாளம் மட்டும் எங்கேயும் இருக்காது.

அத்தியாயத்தை அவள் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, முதல் பக்கத்தை மட்டும் உருவித் திருப்பிக் கொடுத்தார். “பீடிகையெல்லாம் எதுக்கும்மா? நேரா விஷயத்துக்கு வா.” மீதியை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அது கட்டுரையாயிற்று. விருதாயிற்று. மனைவியோடு ஒரு வெளிநாட்டுப் பயணமும் ஆயிற்று.

கேட்கப் போனாள். “உன் பேரும் வந்திருக்கேம்மா, நன்றியில பாரு” என்றார்.

வந்திருந்தது. தட்டச்சு உதவி என்று.

கட்டுரை ஒரு கதையைப் பற்றியது. தன் நிழலைத் தொலைத்துவிட்ட ஒரு தேவி, அதைத் தேடி ஏழு வீடுகளின் கதவைத் தட்டுகிறாள். ‘ஒரு வாய் சாப்பிடு, சொல்கிறேன்’ என்கிறார்கள் ஒவ்வொரு வீட்டிலும். மூன்றாவது வீட்டில் மட்டும் அவள் சோற்றில் கிடந்த காயைத் துப்பிவிடுகிறாள்.

ஏழு கவளம் என்றால் ஏழு குலம் என்று விருது மேடையில் பொருள் சொன்னார் அணிந்துரை. காயைத் துப்பியது, உழுகிறவர்களை எதிர்த்து வேட்டைச் சமூகம் எழுப்பிய கலகக் குரல்.

உருவிய முதல் பக்கத்தின் இடத்தில், கதையை ஆற்றங்கரையில், கண் தெரியாத ஒரு படகோட்டியின் வாயிலிருந்து தாமே கேட்டதாகவும், சொன்னவரும் கேட்டவரும் சேர்ந்து அழுததாகவும் எழுதியிருந்தார். கண் தெரியாதவர் படகை எப்படி ஓட்டினார் என்று எந்த அறிஞருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

புறத்தேர்வாளரோ அந்தத் துப்பலை மட்டும் வைத்து ஒரு புத்தகமே எழுதிவிட்டார். அதற்கு அணிந்துரை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அணிந்துரை எழுந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் தேன் ஊறியது.

“விடுங்க சார். நம்ம வீட்டுப் பிள்ளை. ஏதோ ஆர்வக்கோளாறு. ‘சாரோடதைப் பார்த்து எழுதிட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் மன்னிச்சுட்டேன்.”

அரங்கம் கைதட்டியது. துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பறிகொடுத்தவளை மன்னிக்கும் பெருந்தன்மை எல்லாருக்கும் வாய்த்துவிடுமா என்ன?

ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் இன்றைக்கே முனைவர். வாசலில் காத்திருக்கும் விரிவுரையாளர் வேலையும் அவளுக்கே. சொல்லாவிட்டால் ஆய்வேடும் போகும், வேலையும் போகும், திருடி என்ற பெயர் மட்டும் கூடவே வரும்.

அவள் ஒலிவாங்கியைப் பிடித்தாள். தொண்டையைச் செருமினாள். சொல்லிவிடுவாள் போலத்தான் இருந்தது.

புறத்தேர்வாளருக்கும் மனம் இளகிவிட்டது. பேனாவைத் திறந்தவர், ஏதோ நினைவு வந்தவராக அணிந்துரையின் பக்கம் திரும்பினார்.

“கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம் சார். ஏழாவது வீட்டுல தேவிக்கு நிழல் கிடைச்சுதா இல்லையா? உங்க கட்டுரையிலயும் இல்ல, இந்தப் பொண்ணு ஆய்வேட்டுலயும் இல்ல. படகோட்டி என்னதான் சொன்னார்? என்னோட அடுத்த புத்தகமே அதுல வந்துதான் நிக்குது.”

அணிந்துரை மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தார். அது உதவவில்லை.

“சொல்லேம்மா” என்றார் அவளிடம், பல்லைக் காட்டி. “நீதானே டைப் அடிச்சே?”

அவள் அவரையே பார்த்தாள். பிறகு புறத்தேர்வாளரைப் பார்த்தாள். மூடியைக் கழற்றிய பேனாவோடு, தாளைத் தயாராக வைத்துக்கொண்டு, அவர் நிஜமாகவே காத்திருந்தார்.

“படகோட்டின்னு யாரும் இல்ல சார்” என்றாள் அவள். “என் பொண்ணுக்குச் சாப்பாடு ஊட்டுறதுக்காக நான் இட்டுக்கட்டின கதை. இவர் உருவிக் கொடுத்த முதல் பக்கத்துல அதைத்தான் எழுதியிருந்தேன். மூணாவது வாய்ல காயைக் கண்டுபிடிச்சுத் துப்பிட்டா, அதனால தேவியும் துப்பினா. ஏழாவது வீட்டுல என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியாது சார். ஆறாவது வாய்க்கே தூங்கிடுவா.”