மோட்டார் ரூம் கோர்ட்

ரெட்டியார்சத்திரம் பக்கம் கத்தரித் தோட்டத்து மோட்டார் ரூமை ஒட்டிய நிழலில், ஒரு கை உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார் சவரிமுத்து. சட்டக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதமான மகள் ஸ்டெல்லாவுக்கு நாளைக்கு மாதிரி நீதிமன்றப் போட்டி. அதற்குத்தான் இந்த ஒத்திகை. வரப்புத் தகராறு வழக்குக்காகப் பதினெட்டு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடக்கிற அப்பாவை விட்டால் ஜட்ஜுக்கு வேறு ஆள் ஏது? மொச்சை உரித்துக்கொண்டிருக்கும் அம்மா சகாயராணிதான் பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலி. "ஸ்டெல்லா... ஸ்டெல்லா... ஸ்டெல்லா..." என்று அவள் மூன்று தரம் கூப்பிட்டதில், தண்ணீர் பாய்ந்த பாத்தியில் நின்ற கொக்குகள் எழுந்து பறக்கின்றன. புதுக் கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்து ஊற்ற, ஸ்டெல்லா வாதாடுகிறாள். சட்டப் பிரிவுகளை அடுக்குகிறாள். கட்சிக்காரரின் கண்ணீரைச் சொல்லும்போது அவளே கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். அம்மாவின் விரல்கள் மொச்சையை மறந்து நிற்கின்றன. கண்ணை மூடிக் கேட்கும் அப்பா மெல்லத் தலையாட்டுகிறார். ஜெயித்தாகிவிட்டது என்று ஸ்டெல்லா கோட்டுப் பித்தானைக் கழற்றுகிறாள். சவரிமுத்து தொண்டையைச் செருமி, சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் தாள்களைப் புரட்டுகிறார். "வாய்தா. அடுத்த மாசம் பதினாலாந்தேதி வாங்க."

"அய்யோ, அப்பா! நீ தீர்ப்புல்ல சொல்லணும்!"

நாற்காலியிலிருந்து பாதி எழுந்தவர் அப்படியே நின்று, மகளைப் பரிதாபமாகப் பார்க்கிறார்.

"அத நான் இன்னும் பாத்ததில்லையே, தாயி."